புத்த நாட்டு மழலையர் பள்ளியில் முதல் கிறிஸ்துமஸ்: மதுரையிலிருந்து தாய்லாந்து செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாய்லாந்தில் டிசம்பர் 25 விடுமுறை நாள் கிடையாது. மதுரைப் பக்கத்திலிருந்து அந்நாட்டு மழலையர் பள்ளிகளுக்குக் கற்பிக்கப் போகும் ஆசிரியர்கள் பலர் இதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஞானஒளிவுபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் நடுச்சாமப் பூசை, விடிந்ததும் பிரியாணி வேலை, பிற்பகலில் பலகாரத் தட்டுகளோடு அக்கம்பக்கத்து வீடுகள் என்று ஒரே ஒழுங்கில்தான் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. வடகிழக்குத் தாய்லாந்தின் ஒரு சிற்றூரில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற முதல் ஆண்டில், அதே நாளின் காலை 7.30 மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பெற்றோரை வணங்கி வரவேற்கும் முறை எனக்கு வந்திருந்தது.

அங்கே நான்கு கிறிஸ்துமஸ் கழித்தேன். முதலாவது மனத்தை மிகவும் வாட்டியது. மற்ற மூன்றும் நிறைவாக அமைந்தன. ஊரும் பள்ளியும் மாறவில்லை, நான் தயாரான விதம்தான் மாறியது. பள்ளிக்கூடத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் வேறு, நம்முடைய கிறிஸ்துமஸ் வேறு என்பதை இரண்டாம் ஆண்டில்தான் உணர்ந்தேன். முதலாவது குழந்தைகளுக்கான விளையாட்டு விழா. அதை நாம் நடத்திக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வழிபாடும், சாப்பாடும், வீட்டாரோடு பேசுவதும் சேர்ந்தது. அதை நமக்காக நாமே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பள்ளி விழாவில் நம் வீட்டுத் திருநாளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இந்தக் கட்டுரை, ஊரில் பெட்டி கட்டுவதிலிருந்து புத்தாண்டு வரைக்கும், எந்தக் காரியத்தை எப்போது செய்ய வேண்டும் என்பதைக் கால வரிசையில் சொல்கிறது.

மதுரையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வேலைக்கு நான்-இமிகிரண்ட் பி வகை விசாவும், அங்கே சென்றபின் வேலை அனுமதியும் வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது சட்டவிரோதம். விசாவுக்குச் சென்னையில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தை அணுகலாம். காவல்துறை நற்சான்றிதழுக்கு மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கற்பிப்பதற்கான அனுமதியைக் கொடுப்பது ‘குருசபா’ என்னும் ஆசிரியர் மன்றம்; அந்தப் பெயர் நம் காதுக்குப் புரிகிற பெயர்தான். பள்ளியின் பெயரையும் முகவரியையும் சொல்லாமல் ‘முதலில் பாங்காக் வாருங்கள், மற்றதை அங்கே பேசிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் முகவர்களை அறவே நம்பாதீர்கள். தாய்லாந்து வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, எல்லை தாண்டி மியான்மரின் மியாவதி பகுதி மோசடிக் கூடங்களில் தமிழ் இளைஞர்கள் அடைக்கப்பட்ட செய்திகள் 2022ஆம் ஆண்டில் வந்தவை நினைவிருக்கும்.

அங்கே கல்வியாண்டு மே மாதம் தொடங்கி மார்ச் மாதத்தில் முடிகிறது. இரண்டாம் பருவம் நவம்பரில் ஆரம்பமாகிறது. ஆகவே மே மாதம் விமானம் ஏறினாலும் அக்டோபர் இறுதியில் ஏறினாலும், டிசம்பரை மனத்தில் வைத்தே பெட்டியை அடுக்குங்கள். மடித்து வைக்கக்கூடிய காகித நட்சத்திரம் ஒன்றை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். துணிகளுக்கு அடியில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்தால் கசங்காது. விளக்கு ஒயரையும் ஹோல்டரையும் மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இரண்டு முளை வைத்த பல்பை அழுத்தித் திருப்பி மாட்டும் ஹோல்டர்; அங்கே கிடைப்பது மரை வைத்த பல்பைத் திருகி மாட்டும் வகை. மின்னழுத்தம் ஏறக்குறைய நம்மூர் அளவுதான் என்றாலும், ஒயரும் ஹோல்டரும் பல்பும் அங்கேயே வாங்குவதே சரி.

வடக்கிலோ வடகிழக்கிலோ வேலை கிடைத்திருந்தால் ஒரு ஸ்வெட்டர் அவசியம். மதுரையின் மார்கழிப் பனிக்குப் பழகியவர்களுக்கு அந்த ஊர் டிசம்பர் விடியற்காலை நன்றாகவே குளிரும். காலைக் கொடி வணக்கத்துக்குத் திறந்த வெளியில் நிற்க வேண்டியிருக்கும். குழந்தைகள் எல்லாரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருவார்கள். வீட்டில் பாடிப் பழகிய ஞானப்பாட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துப் போனேன். பாட்டியின் கையெழுத்து இருந்த பழைய புத்தகத்தை அம்மா அடுத்த ஆண்டு கொடுத்தனுப்பிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

நவம்பர்: பள்ளியோடு பேசுவது

முதல் வேலை, பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா என்றைக்கு என்று கேட்பது. மழலையர் பிரிவை அங்கே ‘அனுபான்’ என்பார்கள்; மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் மூன்று வகுப்புகளில் இருப்பார்கள். பௌத்தர்களே நிறைந்த பள்ளியாக இருந்தாலும், ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் ஓர் ஆங்கில நிகழ்ச்சியாகக் கொண்டாடப்படுகிறது. சிவப்பு உடை, கிறிஸ்துமஸ் தாத்தா, பாட்டு, நடனம், மிட்டாய் என்று அரை நாள் நடக்கும். வெளிநாட்டு ஆசிரியர் என்றால் கிறிஸ்துமஸ் தெரிந்தவர் என்பது அவர்கள் எண்ணம். மதுரையிலிருந்து சென்ற இந்து, முஸ்லிம் ஆசிரியர்களிடமும் இதே பொறுப்பைக் கொடுப்பார்கள். எனக்கு இதில் பழக்கமில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. நம் ஊரில் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மழலையரை மேடையேற்றிய அனுபவம் இருந்தால் போதும். அங்கே கேட்கப்படுவதும் அதுதான்.

இரண்டாவது வேலை, விடுப்பைப் பற்றிப் பேசுவது. விழாவை டிசம்பர் 25 அன்றே வைக்கும் பள்ளிகள் பல. விழாவுக்கு வேண்டிய ஆசிரியரே அன்று விடுப்பு கேட்டால் தலைமை ஆசிரியருக்குச் சங்கடம். ஆனால் அவர் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டே ‘பார்க்கலாம்’ என்பார். அந்தப் பதிலை நம்பி நான் முதல் ஆண்டு டிசம்பர் 20 வரை காத்திருந்து ஏமாந்தேன். ஆகவே முழுநாள் விடுப்புக் கேட்பதைவிட, ‘24ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குமேல் நான் புறப்பட வேண்டும், 25 காலை விழாவுக்கு வந்துவிடுவேன்’ அல்லது ‘விழா முடிந்ததும் 25 பிற்பகல் எனக்குத் தாருங்கள்’ என்று குறிப்பான நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு வேறொரு நாள் வாசல் பணியையோ மாலை வேன் பணியையோ ஏற்றுக்கொள்கிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். நவம்பர் முதல் வாரத்தில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒருமுறைகூட மறுப்பு வந்ததில்லை. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மிஷன் பள்ளிகளில் அன்று விடுமுறையாகவே இருக்கவும் வாய்ப்புண்டு, சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

நாட்காட்டியில் டிசம்பர் 5ஆம் தேதியையும் 10ஆம் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மன்னர் பூமிபோல் பிறந்த நாளான 5ஆம் தேதி தந்தையர் நாள். 10ஆம் தேதி அரசியலமைப்பு நாள். இரண்டும் அரசு விடுமுறை. பலகாரம் சுடுவதற்கும், கிறிஸ்தவக் கோயில் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து வருவதற்கும் இந்த இரண்டு நாள்களையும் விட்டால் வேறு நாள் கிடைக்காது.

வகுப்பறையை அலங்கரிப்பது

இங்கே நிதானம் வேண்டும். தாய்லாந்து வகுப்பறையின் முன்சுவரில் கரும்பலகைக்கு மேலே தேசியக் கொடி, புத்தர் படம் அல்லது சிறு சிலை, மன்னர் படம் ஆகிய மூன்றும் வரிசையாக இருக்கும். நாடு, சமயம், மன்னர் என்ற மூன்றையும் குறிப்பவை அவை. அந்தச் சுவரை அலங்காரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

முதல் ஆண்டு எனக்கு இது தெரியாது. கரும்பலகைக்கு மேலேதான் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும் என்று, நாற்காலி போட்டு ஏறி, உத்தரத்திலிருந்து என் மதுரை நட்சத்திரத்தைத் தொங்கவிட்டேன். அதன் வால் புத்தர் படத்துக்கு மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் எனக்கு உதவியாக இருந்தவர் வயதில் மூத்தவர். அவரை ‘பீ’ என்று அழைப்பேன், நம் அக்காவைப்போல. அன்று மாலை எல்லாரும் போனபின் அவர் தனியாக இருந்து, அதை அவிழ்த்து, குழந்தைகள் காலணி கழற்றி வைக்கும் வாசல் பக்கத்தில் அழகாகக் கட்டிவைத்திருந்தார். மறுநாள் காலையில் கேட்டபோது, ‘வாசலில் இருந்தால் உள்ளே வரும்போதே பார்ப்பார்களே, டீச்சர்’ என்று மட்டும் சொன்னார். காரணத்தை வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதன்பின் மூன்று ஆண்டுகளும் நட்சத்திரம் வாசலில்தான் தொங்கியது. நம் வீடுகளிலும் அது தெருவைப் பார்த்து வாசலில்தானே தொங்குகிறது.

குடில் வைப்பதென்றால், பள்ளியில் முதலில் கேட்டுவிட்டு வையுங்கள். தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். தெய்வ உருவங்களைக் காலடி உயரத்தில் வைப்பது அவர்களுக்குப் பொறுக்காது. இயேசு பாலனைத் தரையில் கிடத்தியிருப்பதைக் கண்டு என் சக ஆசிரியர் ஒருவர் தவிசு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள், பேட்டரி விளக்கே போதும். மூன்று வயதுக் குழந்தைகள் இருக்கும் அறையில் உருண்டை மணிகளும் சிறு பொம்மைகளும் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கக் கூடாது. எல்லாம் நேராக வாய்க்குள்தான் போகும்.

விழா நாளன்று

பாட்டு ஒன்று, நடனம் ஒன்று, கைவேலை ஒன்று என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒத்திகையைத் தினமும் பத்து நிமிடத்துக்குமேல் நீட்டாதீர்கள். பள்ளியில் பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சொற்கள் குறைவாகவும் கைச்சாடை நிறையவும் இருக்கும்படி நீங்கள் அமைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் பெரும்பாலும் வெளிநாட்டு ஆண் ஆசிரியருக்கு வந்து சேரும். வேடம் போட்டுக்கொண்டு திடீரென்று வகுப்புக்குள் நுழையாதீர்கள். தாடி வைத்த பெரிய மனிதர் மிகச் சிறு குழந்தைகளுக்குப் பயம். ஒரு குழந்தை அழுதால் அறை முழுக்க அழும். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர்கள் பார்க்கப் பார்க்கச் சிவப்புச் சட்டையை முதலில் போட்டு, பிறகு தொப்பி, கடைசியாகத் தாடி என்று ஒவ்வொன்றாக அணியச் சொன்னோம். தாடியை ஒரு குழந்தை தொட்டுப் பார்த்தது. பிறகு எல்லாரும் வரிசையில் நின்று தொட்டார்கள். ஒருவரும் அழவில்லை.

தொப்பியைக் குழந்தையின் தலையில் நீங்களாக மாட்டுவதைக் காட்டிலும் அதன் கையில் கொடுப்பது நல்லது. தலை உடம்பின் உயர்ந்த இடம், பாதம் தாழ்ந்த இடம் என்பது தாய்லாந்து மரபு. அங்கத்திய ஆசிரியர்கள் குழந்தைகளைத் தலையில் தட்டிக் கொடுப்பதைப் பார்க்கலாம்தான். என்றாலும் பெற்றோர் கூடியிருக்கும் நாளில் புதிதாக வந்த நாம் கவனமாக இருக்க வேண்டும். தரையில் உட்காரும்போது புத்தர் படத்தையோ பெரியவர்களையோ பார்த்துக் கால் நீட்டாதீர்கள். நம் ஊரிலும் பெரியவர்கள் முன்னால் கால் நீட்டமாட்டோம் என்பதால் இது எளிதாகவே வரும்.

கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று குழந்தைகள் கேட்பார்கள். ‘பிர யேசுவின் பிறந்த நாள்’ என்று ஒரே வரியில் உண்மையைச் சொல்லுங்கள். அங்கே இயேசுவை அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். நம் வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் ‘விசாக பூச்சா’ நாளை புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததுமான நாளாக அவர்கள் கொண்டாடுவதால், ஒரு பெரியவரின் பிறந்த நாளுக்காக விளக்கேற்றி மகிழ்வது குழந்தைகளுக்கு உடனே விளங்கிவிடும். அதற்குமேல் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம்மை நம்பிக் குழந்தைகளை ஒப்படைத்திருக்கும் பெற்றோர் அவர்களை ஆங்கிலம் கற்க அனுப்பியிருக்கிறார்கள். நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பதும் ஆசிரியர் வேலைக்கான அனுமதிதான். மதுரையில் நம் பிள்ளைகளை வேறு சமயத்தார் நடத்தும் பள்ளிக்கு அனுப்பும்போது நாம் என்ன எதிர்பார்ப்போமோ, அதையே அவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

வாழ்த்து அட்டையும் பரிசும்

வாழ்த்து அட்டையில் பெயர் எழுதும்போது சிவப்பு மையை எடுக்கவே எடுக்காதீர்கள். உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது அங்கே அமங்கலம். இறந்தவர் பெயருக்கு உரிய நிறம் அது என்று கருதுகிறார்கள். கிறிஸ்துமஸ் அட்டை என்றால் சிவப்புப் பேனாதான் முதலில் கைக்கு வரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பச்சையிலோ நீலத்திலோ எழுதுங்கள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவேட்டில் ஒரு நீண்ட பெயரும், ‘ச்சூ லென்’ எனப்படும் கூப்பிடும் பெயர் ஒன்றும் இருக்கும். அட்டையில் கூப்பிடும் பெயரை எழுதினால்தான் குழந்தை தன்னுடையதென்று எடுத்துக்கொள்ளும். உதவி ஆசிரியரிடம் தாய்லாந்து எழுத்தில் பட்டியல் வாங்கி, அதைப் பார்த்து எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் பெற்றோர் அதைப் பத்திரப்படுத்துவார்கள்.

பரிசுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. எல்லாப் பொருளும் 20 பாட் (பாட் அந்நாட்டு நாணயம்) என்று விற்கும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பொருளாக வாங்குங்கள். ஆசிரியர்களுக்குள் புத்தாண்டை ஒட்டிச் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. எவ்வளவு விலைக்குள் வாங்க வேண்டும் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுவார்கள், அந்த அளவை மீறாதீர்கள்.

கோயிலைக் கண்டுபிடிப்பது

இது உங்களுடைய கிறிஸ்துமஸின் முதல் படி. டிசம்பர் 5 அல்லது 10 விடுமுறையில் முடித்துவிடுங்கள். தாய்லாந்து மக்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். சிற்றூர்களில் கோயில் இருக்காது, இருந்தாலும் தெருவில் விசாரித்தால் தெரியாது. கோயிலுக்கு அங்கே ‘போத்’ என்று பெயர். பௌத்த விகாரையின் மண்டபத்துக்கும் அதே பெயர். ‘போத்’ என்று மட்டும் சொன்னால் வண்டிக்காரர் விகாரையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ‘போத் கிரிட்’ என்று சொல்ல வேண்டும். அதிலும் கத்தோலிக்கரைக் ‘கிரிஸ்தாங்’ என்றும் புராட்டஸ்டன்ட் சபையாரைக் ‘கிரிஸ்தியான்’ என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா என்று கேட்பதைப்போல.

பாங்காக்கில் இருப்பவர்களுக்குச் சிரமமில்லை. பாங்ராக் பகுதியில் அசம்ப்ஷன் பேராலயம் இருக்கிறது. ருவாம்ருடி தெருவில் உள்ள ஹோலி ரிடீமர் கோயிலில் ஆங்கிலத் திருப்பலி உண்டு. சி.எஸ்.ஐ. குடும்பங்களிலிருந்து சென்றவர்கள் கான்வென்ட் சாலையில் உள்ள ஆங்கிலிக்கன் கிறைஸ்ட் சர்ச்சுக்குப் போகலாம். ஹோலி ரிடீமரைத் தேடும்போது கூரான கோபுரத்தைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். நம் பக்கத்து இடைக்காட்டூரில் 1894இல் எழுப்பிய திரு இருதய ஆலயத்தைப் பிரெஞ்சு நாட்டுப் பேராலயத்தின் சாயலில் கட்டினார்கள். அங்கேயோ அடுக்கடுக்கான கூரையோடு தாய்லாந்து விகாரையின் வடிவிலேயே கட்டியிருக்கிறார்கள். தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள்.

வடகிழக்கில் வேலை கிடைத்தவர்களுக்கு ஒரு பெரும் பேறு உண்டு. சகோன் நகோன் நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், நொங் ஹான் ஏரிக்கரையில் தா ரே என்ற ஊர் இருக்கிறது. தாய்லாந்தின் மிகப் பெரிய கத்தோலிக்க ஊர் அதுதான். அங்குள்ள புனித மிக்கேல் பேராலயம் கப்பல் வடிவில் கட்டப்பட்டது. கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் அங்கே நட்சத்திரப் பவனி நடக்கிறது. மூங்கில் சட்டத்தில் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த நட்சத்திரங்களை வீட்டுக்கு வீடு தொங்கவிட்டு, பெரிய நட்சத்திரங்களை வண்டிகளில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். என் இரண்டாம் ஆண்டில் 24ஆம் தேதி மாலை அந்தத் தெருவில் இறங்கியபோது, வரிசையாக எல்லா வாசல்களிலும் நட்சத்திரம் எரிவதைக் கண்டு, தோளில் இருந்த பையை இறக்கி வைக்கவும் மறந்து வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அந்த நாள்களில் தங்கும் அறை கிடைப்பது அரிது. நவம்பரிலேயே சகோன் நகோன் நகரில் அறை எடுத்துவிட வேண்டும்.

திருப்பலி தாய்லாந்து மொழியில் நடந்தாலும் கத்தோலிக்கர்கள் தொடர்ந்து போகலாம். வரிசை ஒன்றுதான், எந்த இடத்தில் எழ வேண்டும், எங்கே மண்டியிட வேண்டும் என்பது தானாகவே வரும். தேவைப்படும் இடங்களில் தமிழில் மெல்லச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பலகாரமும் பிரியாணியும்

பலகாரம் செய்யாத கிறிஸ்துமஸ் எனக்குக் கிறிஸ்துமஸாகத் தோன்றவில்லை. அச்சு முறுக்குக்கு வேண்டிய எல்லாப் பொருளும், அச்சு உட்பட, அங்கேயே கிடைக்கும். தாய்லாந்துக்காரர்களே அதைச் செய்கிறார்கள். ‘கனோம் தோக் ஜோக்’ என்று பெயர். ஆகாயத்தாமரைப் பூப் பலகாரம் என்று பொருள். நம்மைப்போலவே பித்தளை அச்சைக் காயும் எண்ணெயில் சூடாக்கி, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் எள்ளும் கலந்த கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். எண்ணெயிலிருந்து எடுத்ததும் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் வைத்து ஓரங்களை வளைத்துப் பூவாக்கிவிடுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. ஆகவே வீட்டு அச்சைச் சுமந்துகொண்டு போக வேண்டாம், சந்தையில் கேளுங்கள்.

மாவு வாங்கும்போது மட்டும் கண் வேண்டும். மூன்று தலை யானைப் படம் போட்ட எராவன் மாவுப் பொட்டலங்கள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். சிவப்பு எழுத்துப் பொட்டலம் சாதாரண அரிசி மாவு. பச்சை, ஒட்டும் அரிசி மாவு. நீலம், மரவள்ளி மாவு. முதல் ஆண்டு நான் பச்சையை வாங்கிவிட்டேன். கரைசல் அச்சைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்ததெல்லாம் பசைபோல் ஆகிவிட்டது. சிவப்புப் பொட்டலத்தை வாங்குங்கள். டப்பாத் தேங்காய்ப்பால் மிகவும் கெட்டியாக இருக்கும், தண்ணீர் விட்டு இரண்டாம் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். புது அச்சை முந்தின இரவே எண்ணெயில் ஊறவைக்க வேண்டும் என்பதும், கரைசல் அச்சின் மேல்விளிம்பைத் தொடக் கூடாது என்பதும் நம் அம்மாக்கள் சொன்னவைதான், அங்கேயும் பொருந்தும்.

வாடகை அறைகள் பலவற்றில் சமையலறை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். சக ஆசிரியர் ஒருவரின் வீட்டு முற்றத்தைக் கேட்டு வாங்குங்கள். என் உதவி ஆசிரியர் வீட்டில் அவருடைய தாயார் பூவாக வளைக்க, நான் முறுக்காகவே விட, இரண்டு வகையும் ஒரே சட்டியிலிருந்து வந்தன.

பிரியாணிக்கு ஆட்டுக்கறி கிடைப்பது கடினம், கோழிதான். மல்லிகை அரிசியை அங்கே ‘ஹோம் மலி’ என்பார்கள். ‘மலி’ என்றால் நம் மல்லிதான். போக்குவரத்து விளக்குச் சந்திப்புகளில் விற்கும் பூச்சரத்தையும் ‘மாலை’ என்றே சொல்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் பெரிய ஆறுதல். அந்த அரிசி குழையும் தன்மை உடையது என்பதால் தண்ணீரைக் குறைத்து வையுங்கள். சமைக்க வழியில்லாவிட்டால், தாய்லாந்து முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் ‘காவ் மோக் கை’ நம் கோழி பிரியாணிக்கு நெருக்கமானது.

செய்த பலகாரத்தைத் தட்டுகளில் வைத்து, 25 காலை பள்ளியில் எல்லாருக்கும் கொடுங்கள். சமையல்காரரையும் காவலாளியையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் தீபாவளித் தட்டு வந்ததும் கிறிஸ்துமஸ் தட்டு போனதும் எப்படியோ, அப்படியே அங்கும் அடுத்த வாரம் முழுக்கப் பழமும் பலகாரமும் உங்கள் மேசைக்கு வந்துகொண்டிருக்கும்.

வீட்டோடு பேசும் நேரம்

தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியது. மதுரையில் இரவு 11.30 மணிக்குத் தொடங்கும் பூசை அங்கே நள்ளிரவு ஒரு மணி. மறுநாள் ஏழரைக்குப் பள்ளியில் நிற்க வேண்டியவர் அதை நேரலையில் பார்க்க விழித்திருந்தால் விழா நாள் கெட்டுவிடும். 24ஆம் தேதி உங்கள் நேரம் இரவு ஒன்பதரைக்கு அழையுங்கள்; வீட்டில் எட்டு மணி, அம்மா அடுப்படியில் இருப்பார், எல்லாரும் விழித்திருப்பார்கள்.

25ஆம் தேதிதான் கடினமான நேரம் வரும்; அது எப்போது வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழா முடிந்து, சாப்பிட்டு, பல் துலக்கி, குழந்தைகள் எல்லாரும் பாயில் தூங்கிவிட்ட பிறகு அறை நிசப்தமாக இருக்கும். ஊரில் அப்போது பதினொன்றரை மணி. முதல் ஆண்டில், சுவரோரம் தரையில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். வீட்டில் தம் உடைத்த பிரியாணிச் சட்டியைத் தம்பி படம் எடுத்து அனுப்பியிருந்தான், ஆவி கண்ணாடியில் படிந்து மங்கலான படம். அருகில் படுத்திருந்த ஒரு குழந்தை தூக்கத்திலேயே என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. எழுந்து வெளியே போய் அழவும் முடியவில்லை. அடுத்த ஆண்டுகளில் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டேன். உதவி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, பள்ளித் தோட்டத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பு. அவர்கள் சாப்பிட உட்காரும்போது நானும் என் டப்பாவைத் திறப்பேன். உங்களுக்கும் அந்த நேரத்தை யாரோடாவது முன்னதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

25க்குப் பிறகு

அந்த வாரத்திலேயே பள்ளியில் புத்தாண்டுப் புண்ணியச் சடங்கு வரும். துறவிகள் வரிசையாக வர, குழந்தைகளும் ஆசிரியர்களும் அரிசியும் உணவுப் பொருளும் அவர்களுடைய பாத்திரத்தில் இடுவார்கள். உங்களையும் அழைப்பார்கள். கலந்துகொள்வதும் ஒதுங்கி நிற்பதும் அவரவர் மனச்சாட்சி. இரண்டாவதைச் செய்தாலும் கைகூப்பி நின்றால் யாரும் வருந்தமாட்டார்கள். நான் அரிசிப் பொட்டலம் இட்டேன். என் விழாவுக்காக அவர்கள் எல்லாரும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பது எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. பெண்கள் துறவியைத் தொடக் கூடாது, கையிலும் நேராகக் கொடுக்கக் கூடாது, பாத்திரத்தில் இடலாம்.

புத்தாண்டு விடுமுறையில் மதுரைக்கு வந்துபோக நினைப்பவர்கள், புறப்படுமுன் மறுநுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். அது இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் தங்கும் அனுமதி அத்தோடு ரத்தாகிவிடும்; விசா வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை வந்துபோக 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். குடிநுழைவு அலுவலகத்தில் ஆண்டுக் கடைசியில் கூட்டம் மிகுதி என்பதால், டிசம்பர் இரண்டாவது வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

நட்சத்திரத்தை ஜனவரி 6, மூவரசர் திருநாள் முடிந்ததும் இறக்குங்கள். குழந்தைகள் அதை மடிப்பதற்கு உதவ வருவார்கள், ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். மறுபடியும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அங்கே மழைக்காலம் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நீளும், ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டுவிட வேண்டும்.